சோள விதை கிடைக்காத வருஷத்தில்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கடனும் தவணையும் பேசுற மேடையில் சோள விதையைப் பத்தி எதுக்குப் பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். நம்ம கரிசல் காட்டில் மாட்டுக்கடன் வாங்காத குழு இல்லை. கோடையில் மாடு பால் கொடுக்கணும்னா சோளத்தட்டை வேணும். விதை தப்பினால் தட்டை தப்பும். தட்டை தப்பினால் தவணை தப்பும்.

2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கினதுக்குப் பிறகு எங்க ஊரில் பல பேர் சோளத்துக்குத் திரும்பினாங்க. ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடிச்சுக் கதிரெல்லாம் பூசணம் பூத்துக் கறுத்துப்போச்சு. விதைக்குன்னு எடுத்து வைக்க யார் வீட்டிலும் நல்ல கதிர் இல்லை. அடுத்த புரட்டாசிப் பட்டத்துக்குக் கடைக்குப் போனால், “இருப்பு இல்லை” என்ற ஒரே பதில்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரி உதிரியாக மூட்டையில் கொண்டு வந்தார். கிலோ 70 ரூபாய். ரசீது இல்லை, விதை அட்டை இல்லை. “இன்னைக்கு எடுத்தா உண்டு, நாளைக்குக் கிடையாது” என்றார். ஈரம் இருக்கும்போதே விதைக்கணும். பிந்தினால் குருத்து ஈ விழும். அதனால் வாங்கிடுவோம்னு பாதிப் பேர், வேண்டாம்னு பாதிப் பேர். அன்றைக்குக் கூட்டத்தில் சத்தம் கொஞ்சம் பெரிசுதான்.

கடைசியில் தீர்மான நோட்டில் இப்படி எழுதினோம்: அரைக் கிலோ மட்டும் வாங்கி முளைப்பு பார்ப்பது; அதற்குள் வேற இடத்திலும் தேடுவது.

முளைப்பு பார்க்கிறது பெரிய வித்தை இல்லை. பொறுக்காமல், வந்தபடி 100 விதையை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்கணும். சாக்கு காயாமல் தண்ணி தெளிக்கணும். நாலைந்து நாளில் பிரிச்சு, வேரும் குருத்தும் திடமாக வந்ததை மட்டும் எண்ணணும். சான்று பெற்ற சோள விதைக்கு நூற்றுக்கு 75-ஆவது முளைக்கணும் என்பது விதி. வியாபாரி விதையில் எழுந்தது 52.

அந்த நாலு நாளில் எங்க ஊக்குநர் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு இரண்டு நடை நடந்தார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 12 ரகம் கொஞ்சம் வந்திருந்தது. நீல அட்டை கட்டின சான்று விதை, கிலோ 110 ரூபாய். அதிலும் 100 எண்ணிப் போட்டோம், 86 முளைச்சது.

இப்போ கணக்கைப் பாருங்க. மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை. 110 ரூபாய் வீதம் 660 ரூபாய். பாதி முளைக்கிற விதையில் அதே பயிர் எண்ணிக்கை வேணும்னா 10 கிலோ போடணும், 700 ரூபாய். மலிவுன்னு நினைச்சது எங்கே போச்சு? அதுக்கு மேல, நோஞ்சான் விதை கரிசல் மண்ணை முட்டிக்கிட்டு மேல வரவும் செய்யாது.

எங்க 12 பேருக்கும் சேர்த்து 19 ஏக்கர். 114 கிலோ தேவை. மையத்தில் கிடைத்தது 60 கிலோதான். அதுவும் சிட்டா, ஆதார் கொடுத்தவங்க பேருக்கு. குத்தகைக்கு உழுகிறவங்களுக்கும், பட்டா மாமனார் பேரில் இருக்கிறவங்களுக்கும் கையில் காகிதம் ஏது? வந்ததை எல்லாருக்கும் நில அளவுப்படி பங்கு போட்டோம். மீதி 54 கிலோவுக்குப் பக்கத்து ஊராட்சிக் குழு கைகொடுத்தது. அவங்க ஊரில் மழைக்கு முந்தியே அறுத்துப் பானையில் வைத்திருந்தாங்க. அதையும் முளைப்பு பார்த்துத்தான் வாங்கினோம். தனித்தனியா அலைந்திருந்தால் நாலு பேர் விதைச்சிருப்போம், எட்டுப் பேர் காட்டைத் தரிசா போட்டிருப்போம்.

அந்த வருஷத்திலிருந்து எங்க குழுவே விதை எடுத்து வைக்குது. காட்டின் ஓரத்தை விட்டு, நடுவில் உள்ள நல்ல கதிராகப் பார்த்துத் தனியாக அறுக்கிறோம். பல்லில் கடித்தால் ‘கடக்’னு உடையும் வரை காய வைத்து, சாம்பல் கலந்து, மண்பானையில் வாய் கட்டி வைக்கிறோம். ஒன்று ஞாபகம் வைங்க: ரக விதையைத்தான் இப்படி எடுக்கலாம். வீரிய ஒட்டு விதையை எடுத்து மறுபடி போட்டால் பயிர் ஒன்றுபோல வராது. கடையில் சாயம் ஏற்றி வரும் மருந்து விதை மிஞ்சினால் கஞ்சிக்கோ கோழிக்கோ போட்டுடாதீங்க, விஷம்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஆவணி பிறந்ததும் ஒவ்வொரு ஊராட்சியிலும் யாருக்கு எத்தனை கிலோ வேணும்னு பட்டியல் எடுங்க. குத்தகைக்காரங்க பேரும் அதில் இருக்கணும். ரசீதும் அட்டையும் இல்லாத விதைக்குக் குழுப் பணம் போகக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க. எங்க பானையில் இந்த வருஷம் 40 கிலோ இருக்கு. தேவைப்படுற குழு வந்து கேளுங்க. ஒரு கிலோவுக்கு ஒன்றரைக் கிலோவாக அறுப்பில் திருப்பித் தந்தால் போதும்.