பழைய எந்திரம்: விலை வேறு, அடக்கம் வேறு

(புது தில்லி, கிட்வாய் நகரில் நிகழ்த்தப்பெற்ற உரை)

கிட்வாய் நகரிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கோட்லா முபாரக்பூர் கடைத்தெரு வந்துவிடும். இரும்புச் சாமான், குழாய், கைக்கருவி எனச் சிறு பட்டறைக்கு வேண்டிய பலவும் அங்குப் புதிதாகக் கிடைக்கின்றன. மேற்குத் தில்லியிலுள்ள மாயாபுரியோ பழைய இரும்புக்கும் கழற்றி விற்கப்படும் உறுப்புகளுக்கும் பேர்போனது. குறைந்த முதலுடன் தொழில் தொடங்க முனையும் இளைஞர் இவ்விரு சந்தைகளுக்கும் இடையில் நின்று தயங்குகிறார். புதியதை வாங்கப் பணம் போதவில்லை; பழையதை வாங்கத் துணிவு போதவில்லை. அவருடைய தயக்கம் நியாயமானதே.

பொருளியல் கூறுவது

பழைய எந்திரம் வாங்குவது ஏழ்மையின் அடையாளம் என்று கருதுவோர் உண்டு. பொருளியல் அவ்வாறு கருதுவதில்லை. 1962-ஆம் ஆண்டிலேயே அமர்த்தியா சென் இப்பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கூலி உயர்ந்த நாட்டில் ஆதாயம் தராது என்று ஒதுக்கப்படும் எந்திரம், கூலி குறைந்த நாட்டில் மேலும் பல ஆண்டுகள் ஆதாயத்துடன் ஓடக்கூடும். எந்திரம் ஒன்றே, அதைச் சூழ்ந்த கூலியும் வட்டியும் வேறு. சிவகாசியின் அச்சகங்கள் பல, வெளிநாடுகளில் ஓடிய ஆப்செட் எந்திரங்களைக் கொண்டே வளர்ந்தன.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. 1967-68-இல் தில்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார்ச் சந்தை பற்றி எழுதிய கட்டுரை 1970-இல் வெளிவந்தது. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே சொல்கிறார். நல்ல பொருளை வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க விரும்பாமல் விலகுகிறார். சந்தையில் எஞ்சுவது பெரும்பாலும் குறையுள்ள பொருளே. 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையாக அமைந்த இக்கருத்து, பழைய எந்திரச் சந்தைக்கும் முற்றிலும் பொருந்தும்.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக இவ்வாறு கொள்ளலாம். புதிய லேத் ஒன்றின் விலை 6,00,000 ரூபாய். ஆயுள் 15 ஆண்டு. பழைய லேத் 2,00,000 ரூபாய், கொண்டுவந்து நிறுவ 20,000, செப்பனிட 50,000, ஆக 2,70,000 ரூபாய். அதன் எஞ்சிய ஆயுள் 6 ஆண்டு. தேய்மானம் மட்டும் பார்த்தால் புதியதற்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய், பழையதற்கு 45,000 ரூபாய். மலிவானது என்று எண்ணிய எந்திரம் இங்கு மலிவாக இல்லை.

நூற்றுக்கு 12 வட்டியையும் சேர்த்தால் நிலை மாறுகிறது. முதல் ஆண்டில் புதியதன் சுமை 1,12,000 ரூபாய். பழையதன் சுமை 77,400 ரூபாய். பழையது 34,600 ரூபாய் மிச்சம் தருகிறது. ஆனால் அது மாதம் மூன்று நாள் பழுதாகி நின்று, நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வருவாய் போகுமானால், ஆண்டு இழப்பு 36,000 ரூபாய். மிச்சம் முழுவதும் கரைந்துவிடுகிறது. எனவே கேட்க வேண்டிய முதற்கேள்வி "என்ன விலை?" என்பதன்று, "எத்தனை நாள் நிற்கும்?" என்பதே.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

புதுச் சாயம் எதற்கும் சான்றாகாது. லேத்தானால், வேலை மிகுதியாக நடக்கும் சக்கை ஒட்டிய பகுதியில் பெட் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சுழலும் தண்டில் ஆட்டம் உண்டா, திருகைத் திருப்பும்போது வெற்றுச் சுற்று எவ்வளவு என்பன அறிய வேண்டும். அனுபவமுள்ள ஒரு கடைசல்காரரை அழைத்துச் சென்று, ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து இரு முனைகளிலும் அளந்து பார்ப்பது எல்லாவற்றிலும் மேலானது. மோட்டாரை அரைமணி நேரமாவது சுமையுடன் ஓடவிட வேண்டும்.

கைக்கருவி, பெஞ்சு வைஸ், துளையிடும் எந்திரம் போன்ற எளியவற்றில் குறை கண்ணுக்குத் தெரியும், உள்ளூரிலேயே சீர்செய்யலாம். கணினிக் கட்டுப்பாடுடைய எந்திரத்திற்கோ உதிரிப் பாகமும் மின்னணுப் பலகையும் இன்றும் கிடைக்கின்றனவா என்று தெரியாமல் முன்பணம் தரலாகாது. விற்பனைச் சீட்டு, வங்கிக் கடன் நிலுவை ஆகியவற்றையும் சரிபார்ப்பது அவசியம். ஈடு வைத்த எந்திரத்தை அறியாது வாங்கியவர் பின்னர் வழக்கில் சிக்க நேரிடலாம்.

மாயாபுரி தந்த பாடம்

உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாததன் விலை சில வேளைகளில் பணத்தோடு நிற்பதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரியில் அது உடைக்கப்பட்டபோது கோபால்ட்-60 வெளிப்பட்டது. ஏப்ரலில் பலர் நோயுற்றனர். ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கையால் உடைத்தவர்க்கு அது இரும்பாகவே தெரிந்தது. பொது நிறுவனங்கள் தம் பழைய கருவிகளை விற்கும்போது, அவை இன்னவை, இன்ன நிலையில் உள்ளன என்று எழுதித் தருவது சடங்கு அன்று, கடமை.

அரசு செய்யக்கூடியது

1955-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறுதொழில் கழகம், தவணைக் கொள்முதல் மூலம் எந்திரங்களைச் சிறு தொழில்முனைவோருக்கு வழங்கியது. 2000-இல் வந்த கடன் இணைப்பு மூலதன மானியத் திட்டம் பழைய எந்திரங்களுக்குப் பொருந்தவில்லை. தொழில்நுட்பம் உயர வேண்டும் என்ற நோக்கில் அதற்குக் காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் கைவினைஞருக்குக் கருவித் தொகுப்புக்காக 15,000 ரூபாய் வரை அளிக்கிறது. ஆயினும் இவற்றுக்கு அப்பால், சொந்தச் சேமிப்பைக் கொண்டு பழைய எந்திரம் வாங்கும் பட்டறைக்காரர் தனித்தே நிற்கிறார். அவருக்கு மானியத்தைவிடவும் தேவைப்படுவது நம்பத்தக்க சோதனைச் சான்று. தொழிற்பேட்டைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் அளவுகருவிகள் உள்ளன. அளக்கத் தெரிந்தோரும் உள்ளனர். சிறு கட்டணம் பெற்று அவர்கள் பழைய எந்திரத்தைச் சோதித்துச் சான்றளித்தால், நல்ல எந்திரத்திற்கு நல்ல விலை கிடைக்கும். வங்கியும் அச்சமின்றிக் கடன் தரும்.

பழைய எந்திரத்தில் தேய்ந்த பகுதியைச் செப்பனிடலாம். தெரியாமல் வாங்கியவர் இழந்த சேமிப்பை மீட்பது எளிதன்று. அச்சேமிப்பைக் காப்பதும் தொழில் வளர்ச்சிப் பணியே ஆகும்.