பின்வரும் கைக்கு இடம் விடுதல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொய்வின்றி நடைபெறுவது எளிய செய்தியன்று. மாதந்தோறும் கூடி, கவிதை படித்து, குறைகூறி, நிறைகண்டு கலைந்த நூற்றுக்கும் மேற்பட்ட மாலைகளின் விளைவே இவ்விழா. ‘கவிதையும் செய்ந்நேர்த்தியும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். யாப்பிலக்கண நூற்பாக்களைச் சொல்லி விளக்குவது என் அன்றாடத் தொழில். ஆயினும், இன்று வேறொரு வாயில் வழியாக இப்பொருளுக்குள் நுழைய விரும்புகிறேன். வீட்டின் ஒரு மூலையில் சிறு பட்டறை அமைத்துக்கொண்டு கிட்டார் செய்வோரும், பழுதுற்ற கிட்டாரைச் செப்பனிடுவோரும் கவிஞர்களாகிய நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன்.

கிட்டாருக்கும் தமிழ்க் கவிதைக்கும் என்ன உறவு என நீங்கள் வினவலாம். விடை நம் மொழியிலேயே இருக்கிறது. பாட்டைச் ‘செய்யுள்’ என்றனர் நம் முன்னோர். செய்யப்படுவது செய்யுள், கட்டப்படுவது யாப்பு. கவிதை கையால் ஆகும் வினை என்ற எண்ணம் இச்சொற்களுக்குள்ளேயே உறைகிறது. ஆகவே, மரத்தைச் செய்பவரிடம் சொல்லைச் செய்பவர் பாடம் கேட்பதில் தவறில்லை.

முதற்கண் ஒரு வீட்டுப் பட்டறையைக் காண்போம். 1963ஆம் ஆண்டு. இலண்டனை அடுத்த ஃபெல்தாம் என்னுமிடத்தில் பிரையன் மே என்ற 16 வயது இளைஞர். விலை கொடுத்து நல்ல மின்கிட்டார் வாங்கும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. மின்னணுத் துறையில் பணியாற்றிய தந்தை ஹரால்டு மேயும் மகனும் தாமே ஒன்றைச் செய்வதென முடிவு செய்தனர். கிட்டாரின் கழுத்துக்குப் பழைய வீடொன்றின் கணப்படுப்பின் மேற்சட்டமாக இருந்த மகோகனி மரம் கிடைத்தது. அம்மரத்தில் புழு அரித்த துளைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். மெட்டுகளின் இடத்தைக் காட்டும் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களாலானவை. தந்திகளின் இழுவிசையை ஈடுசெய்யும் சுருள்வில்கள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவை. ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பில் உருவான அக்கிட்டாரையே அவர் பின்னர் ‘குயின்’ இசைக்குழுவில் வாசித்து உலகப் புகழ் பெற்றார். 1998இல் கிரெக் ஃபிரையர் என்ற ஆஸ்திரேலியக் கைவினைஞர் அதை விரிவாகச் செப்பனிட்டார். முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த கருவி அதன் பின்னும் அரங்குகளில் தொடர்ந்து ஒலித்தது.

தீக்குச்சியால் துளை அடைத்த இச்செய்தியைப் படித்தபோது எனக்குப் பொருநராற்றுப்படை நினைவுக்கு வந்தது. முடத்தாமக்கண்ணியார் யாழை வருணிக்கும்போது அதன் ஒலியை மட்டும் புகழ்ந்து நின்றுவிடவில்லை. பத்தரின் பிளவுபட்ட வடிவை, போர்த்த தோலை, தையலை, வளைந்த கோட்டை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். துளைகளை அடைத்து முடுக்கிய ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்களைப் போலிருந்தன என்கிறார். ஆணியைப் பார்த்த கண் அது! செய்தவன் கை எங்கெங்கே பட்டது என்று பார்த்திருக்கிறார் அப்புலவர்.

இனி, கருவியின் உள்ளே செல்வோம். நாம் இன்று காணும் செவ்வியல் கிட்டாருக்கு வடிவம் தந்தவராகக் கருதப்படுபவர் அந்தோனியோ தெ தோரெஸ் என்ற ஸ்பானியத் தச்சர். 1817இல் பிறந்து 1892இல் மறைந்தவர். செவில்யா நகரில் கிட்டார் செய்து பெயர் பெற்ற பின்னரும், பிறந்த மண்ணாகிய அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது அவருக்கு. கிட்டாரின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை மெய்ப்பிக்க அவர் 1862இல் ஒரு சோதனை செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்தார். அக்கிட்டார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. உயிர் மேற்பலகையில் இருக்கிறது என்பதே அவர் காட்டிய உண்மை.

அந்த மேற்பலகையின் கனம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டரே. செவ்வியல் கிட்டாரின் ஆறு தந்திகளையும் சுருதி கூட்டி முறுக்கினால் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. ஒரு நெல்மூட்டையின் பாதியளவு இழுப்பை இரண்டு மில்லிமீட்டர்ப் பலகை இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. எவ்வாறு? உட்புறத்தில் விசிறியின் கம்பிகள்போல் மெல்லிய சட்டங்கள் ஒட்டப்பட்டுள்ளன. தோரெஸ் பெரும்பாலும் ஏழு சட்டங்களை அமைத்தார். இம்முறை அவருக்கு முன்பே இருந்தது; அதைச் செம்மைப்படுத்தியவர் அவர். கேட்போர் கண்ணுக்கு இச்சட்டங்கள் புலப்படா. ஆயினும், அவை இருப்பதனாலேயே பலகையை அத்துணை மெல்லியதாக இழைக்க முடிகிறது. மரபுக்கவிதை எழுதுவோரும் புதுக்கவிதை எழுதுவோரும் நம் வட்டத்தில் பலமுறை வழக்காடியிருக்கிறார்கள். இரு தரப்பாரும் இந்த உட்சட்டங்களைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். சீரும் தளையும் துறந்தவருக்கும் சொல்லை மெலிய இழைக்க உள்ளே ஏதோ ஒரு கட்டு வேண்டியிருக்கிறது.

பலகை தடித்திருந்தால் கிட்டார் உடையாது; ஆனால் பாடாது. மெலிந்திருந்தால் பாடும், என்றேனும் ஒருநாள் வெடிக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதே செய்பவரின் அறிவு. தம் இரகசியம் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பலகையைத் தொட்டறியும் உணர்விலே இருப்பதாகவும், அது தம்மோடு கல்லறைக்குப் போய்விடுமென்றும் தோரெஸ் கூறியதாக அவரோடு பழகிய பாதிரியார் ஒருவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பாடும் பொருள் பழுதாகும் பொருளாகவும் இருக்கும் என்பதே இதன் உட்பொருள். ஆகவே, கருவி செய்யும் கலை செப்பனிடும் கலையையும் தன்னுள்ளே கொண்டிருக்க வேண்டும்.

செப்பனிடுதல் எவ்வாறு நிகழ்கிறது? எங்கள் இல்லத்தின் பின்கட்டில் என் தம்பி சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். இழைப்புளி, உளி, பலவகைப் பிடிகவ்விகள், துணி உலர்த்தும் கவ்விகள், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி ஆகியவை அவருடைய கருவிகள். கிட்டாரின் ஒலித்துளை வழியே கையையும் விளக்கையும் செலுத்தி, கண்ணாடியில் பார்த்தே உள்வேலை செய்ய வேண்டும். மேற்பலகை வெடித்த கிட்டார் வந்தால் உடனே பசை இடுவதில்லை. உலர்ந்த காற்றினால் மரம் சுருங்கியதே பெரும்பாலும் வெடிப்புக்குக் காரணம். எனவே, முதலில் அதற்குரிய ஈரப்பதத்தைத் திரும்பக் கொடுத்துச் சில நாள் காத்திருப்பார். பல வெடிப்புகள் தாமே நெருங்கி வரும். அதன் பின்னரே பசை. அதன்மேல் உட்புறத்தில், இழைக்குக் குறுக்காக, சிறு மரத்துண்டுகளால் ஒட்டு. கவிதையைத் திருத்தக் கையெடுப்பவர்களுக்கு அந்தச் சில நாள் பொறுமையே முதற்பாடம் என்பேன்.

ஒருமுறை கல்லூரி மாணவர் ஒருவர் தம் மாமாவின் கிட்டாரைக் கொண்டுவந்தார். தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்ததால் ஏற்கெனவே வேறோரிடத்தில் கொடுத்து ஒட்டியிருந்தார்கள். அது மீண்டும் சாய்ந்துவிட்டது. தம்பி அதைப் பிரிக்க முயன்று பார்த்துவிட்டு, “அக்கா, ஒட்டினவர் மிகக் கெட்டியாக ஒட்டியிருக்கிறார். அதுதான் கேடு” என்றார். எபாக்சி என்னும் பிசின் மர இழைக்குள் இறங்கி இறுகியிருந்தது. எவ்வளவு நிதானமாக எடுத்தும் மேற்பலகையின் ஒரு பகுதி குதிரையோடு பெயர்ந்தே வந்தது. அவ்விடத்தில் புதுமரம் பதித்துச் சீர்செய்ய மூன்று வாரம் ஆயிற்று.

புதிதாக ஒட்டுவதற்கு அவர் எடுத்தது வச்சிரம். நம் ஊர்த் தச்சர்கள் நன்கறிந்த, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை. நேரடியாக நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். குளிர்ந்ததும் நன்கு பற்றும், பல்லாண்டு நிற்கும். ஆனால் வெம்மையும் ஈரமும் ஒருங்கே பட்டால் நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நெகிழ்வே அதன் சிறப்பு. இன்று வேறு நல்ல பசைகளும் புழக்கத்தில் உள்ளன. எனினும், பழைய கருவிகளைச் செப்பனிடுவோர் பலர் வச்சிரத்தை விடாதிருப்பதற்கு இதுவே காரணம். இன்னும் ஐம்பதாண்டு கழித்து வேறொருவர் இதைத் திறக்க வேண்டியிருக்கும். அவருக்கு மரம் கிழியக் கூடாது. வேலை முடிந்ததும் தம்பி ஒலித்துளைக்குள் கைவிட்டு, உட்பலகையில் தேதியையும் செய்த வேலையையும் பென்சிலால் குறித்து வைத்தார். தாம் அறியாத, இன்னும் பிறந்திராத ஒருவருக்கு எழுதிய கடிதம் அது.

ஒரு பழைய கிட்டாரைக் காப்பது ஒரு மரத்தைக் காப்பதுமாகும். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைப்பட்டது. அதற்கு முன்பிருந்தே கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகம் நாடிவரும் மரங்களுள் ஒன்று நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் வழங்குவோம். எங்கோ ஒலிக்கும் இசையில் நம் மலையின் மரமும் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

தமிழுக்கு இவ்வாறு வச்சிரத்தால் ஒட்டியவர் ஒருவர் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் கைக்கு வந்தவை செல்லரித்த, முறிந்த ஏடுகள். சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்பியிருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டறிந்திருப்போம்? அவர் அவ்வாறு செய்யவில்லை. சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினார். ஏடுகள் வேறுபட்ட இடத்துப் பாடபேதங்களைக் குறித்து வைத்தார். பின்வரும் ஒருவர் திறந்து பார்த்து, வேண்டுமாயின் மாற்றி அமைப்பதற்கு இடம் விட்டார். பாடபேதக் குறிப்பு என்பது பதிப்பாசிரியர் கருவிக்குள்ளே பென்சிலால் எழுதிய தேதியன்றோ?

இடம் விடாமற்போனால் என்ன நேரும்? அதற்கும் ஒரு சான்று சொல்ல வேண்டும். என் மாணவி ஒருத்தி, பீடி சுற்றும் தன் தாயைப் பற்றிக் கவிதை எழுதினாள். தாயின் விரல் நகங்களில் முடியும் கவிதை. அதை ஓர் இதழுக்கு அனுப்பினாள். அச்சில் வந்தபோது நகங்களைக் காணோம். உழைப்பின் உயர்வைக் கூறும் இரண்டு அடிகள் அங்கே அமர்ந்திருந்தன. அடிகள் பிழையற்றவை, ஓசையும் நன்றே. அவளிடம் படி இல்லை. எழுதிய தாளையே அனுப்பியிருந்தாள். தன் சொந்த அடிகளை நினைவிலிருந்து மீட்க முயன்றும் அவளால் இயலவில்லை. “அம்மா, என் பேர் இருக்கிறது, என் கவிதை இல்லை” என்றாள். அதன்பின் அவள் எழுதியதாக நான் அறியேன். திருத்தியவர் தீங்கு எண்ணியவரல்லர்; கெட்டியாக ஒட்டிவிட்டார், அவ்வளவே.

யாழின் கதையும் நமக்குத் தெரிந்ததே. சங்கப் பாடல்களில் நரம்பு முதல் ஆணி வரை விளங்கிய கருவி, செய்வோரும் செப்பனிடுவோரும் அற்றுப்போனபின் வழக்கொழிந்தது. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் விபுலானந்த அடிகள் நூற்சான்றுகளையும் கணிதத்தையும் கொண்டு அதன் உருவையும் இசையையும் மீட்டுணர முயன்றார். அவ்வரிய முயற்சிக்கும் சொற்களே துணை நின்றன. தொட்டறிந்த கையொன்று துணைக்கு இல்லை. ஒரு கருவி உடைவதால் அழிவதில்லை. உடைந்ததை எடுத்துச் செப்பனிடத் தெரிந்த கடைசிக் கை ஓய்வதால் அழிகிறது.

ஆகவே, இப்பத்தாம் ஆண்டில் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கூட்டத்துக்கு வரும் கவிதைகளை நாம் தொடர்ந்து திருத்துவோம். திருத்தாத வட்டம் முகமன் கூறும் வட்டமாகிவிடும். ஆனால், படித்த மாலையிலேயே பேனாவை எடுக்க வேண்டா. அடுத்த மாதம் வரை அக்கவிதைக்கு ஈரம் திரும்பட்டும். திருத்தத்தைப் பென்சிலால் எழுதுவோம். திருத்துவதற்கு முந்தைய வடிவத்தை, எழுதியவர் பெயரோடும் தேதியோடும், வட்டத்தின் குறிப்பேட்டில் படியெடுத்து வைப்போம். ஐம்பதாண்டு கழித்து அக்குறிப்பேட்டைத் திறக்கும் இளைஞர் நம் திருத்தங்களை நீக்கிவிட்டு முதல் வடிவமே சிறந்தது என்று தீர்ப்புக் கூறலாம். கூறட்டும். அவர் கைக்கு அவ்வுரிமை இருக்கும்படி நாம் ஒட்டியிருந்தால், நம் வேலை நல்ல வேலை.