வயதான நாய்க்குக் கால்வலி வந்தால்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

எங்கள் வீட்டு மணியை உங்களுக்குத் தெரியும். 11 வயது லேப்ரடார். "சோம்பேறி ஆயிட்டான் போல" என்று பலர் கேட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படுத்து எழும்போது பின்னங்காலை இழுப்பான், பத்தடி நடந்தால் சரியாகிவிடும். மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்குமாம். நாய் வலியென்று கத்தாது. படி ஏறத் தயங்கும், ஒரே மூட்டை நக்கும், தொட்டால் உறுமும்.

அப்போதுதான் ஒரு தப்புச் செய்தேன். என் முழங்காலுக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக்கில் பாதியைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் வாந்தி, மலம் கறுப்பாகப் போனது. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. பிழைத்ததே பெரிய விஷயம். (இதே மருந்து கொடுத்த மாடுகளின் உடலைத் தின்று கழுகுகள் செத்ததால், 2006-லேயே இதைக் கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டார்கள்.) ஐபுப்ரோஃபென், பாராசிட்டமாலும் நாய்க்கு ஆபத்துதான். தயவுசெய்து நம் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

கடத்தூரிலிருந்து தர்மபுரி போய் எக்ஸ்ரே எடுத்தோம். ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் இரண்டையும் பார்த்த பிறகே, எடைக்கு ஏற்ற அளவில் மெலாக்சிகாம் எழுதினார் டாக்டர். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆனால் மருந்தைவிட அதிகம் உதவியது எடைக் குறைப்புதான். 41 கிலோ இருந்தவன் ஏழு மாதத்தில் 35-க்கு வந்தான். பிஸ்கட்டை நிறுத்தினோம், சோற்றைக் குறைத்தோம். பாசத்தோடு கேட் வழியாகச் சிக்கன் துண்டு போடுபவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது! டைல்ஸ் தரை வழுக்குவதால் அவன் நடக்கும் வழியெல்லாம் தேங்காய் நார் மிதியடி போட்டோம். நகத்தையும் வெட்டிவிடுகிறோம். ஒரு மணி நேர நடைக்குப் பதில் பத்து நிமிடமாக மூன்று முறை. மார்கழிக் குளிரில் கனமான படுக்கை.

திடீரென்று நொண்டினால் அதை வயதின் மேல் போடாதீர்கள். விரலிடுக்கில் முள் இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும்.

இன்னொன்று, லிஃப்ட். நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. செல்லப்பிராணிகளுக்கு லிஃப்டைத் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சட்டம் பேச நான் வரவில்லை. மூன்று மாடிப் படி அவனால் முடியாது, அவ்வளவுதான். காலை ஐந்தரைக்கும் இரவு ஒன்பதுக்கும் இறங்குவோம். நாய் பயம் உள்ளவர்கள் நின்றால் சொல்லுங்கள், நாங்கள் அடுத்த முறை ஏறிக்கொள்கிறோம்.