எண்ணுகிற கை யாருடையது?

(தருமபுரியில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நான் கணக்கு பேச வந்திருக்கேன். பகலெல்லாம் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் குந்தியிருக்கிறவன் நான். (சிரிக்காதீங்க, மேசையைத்தான் சொல்றேன்.)

கொஞ்ச நாளைக்கு முன்னால் நம்ம சனத்தில் ஒரு பெரியவர் கறவை மாட்டுக் கடனுக்கு வந்தார். முன்னெல்லாம் மனுவில் 'காலனி' என்ற முகவரியைப் பார்த்ததும் அதிகாரி முகம் சுருங்கும். இப்போது அந்தச் சிரமம்கூட இல்லை. கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. சிபில் மதிப்பெண் 300இலிருந்து 900 வரை. வங்கிக் கடனே வாங்காதவருக்கு அந்த எண் கிடையாது, கழித்தல் ஒன்று என்று காட்டும். வட்டிக்காரனிடம் வாங்கி ஒரு தவணை தவறாமல் கட்டினவர் அவர். அந்த நாணயம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. "கம்ப்யூட்டர்தான் வேணாங்குது பெரியவரே" என்று என் வாயாலேயே சொன்னேன். அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்பார்கள். இருக்கட்டும். எதை எண்ணணும், எதை விட்டுடணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? எந்தத் தெருவில் வளர்ந்த ஆள்?

இந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குத் தரவு அறிவியல் என்று பெயர். அதற்கான ஆய்வு பெரிய அளவில் நடப்பது உயர்கல்வி நிறுவனங்களில். சென்னை ஐ.ஐ.டி.யில் 2017இல் இராபர்ட் பாஷ் பெயரில் ஒரு மையம் வந்தது. 2024இல் வாத்வானி பெயரில் தனிப் பள்ளியே வந்துவிட்டது. அங்கேயே இயங்கும் ஏ.ஐ.4பாரத் என்ற ஆய்வுக்குழு, 22 மொழிகளில், 145 மாவட்டங்களில், 16,000க்கும் மேற்பட்டவர்களின் பேச்சைப் பதிவு செய்து 2024இல் வெளியிட்டது. மெஷினுக்கு நம்ம பேச்சு புரியணும் என்பதற்காக. நல்ல வேலை, குறை சொல்லல. ஆனால் என் அம்மா பேசுகிற சேரித் தமிழைப் பிழையென்று ஒதுக்காமல் எழுதிவைக்க, அதைக் கேட்டு வளர்ந்த காது ஒன்று அந்த அறையில் வேண்டாமா?

2023 ஜனவரியில் நேச்சர் இதழ் கணக்கெடுத்தது. முன்னணி ஐ.ஐ.டி.களிலும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பேராசிரியர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் சேர்ந்தே நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. சட்டத்தில் இருப்பதோ 15ம் ஏழரையும்.

2012 நவம்பர் 7இல் நத்தம் காலனியில் எரிந்தது கூரை மட்டுமா? பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன. அந்தக் காகிதங்களை மறுபடி வாங்க எத்தனை வாசல் ஏறணும் என்று இங்கே இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாபாசாகேப் 1913இல் கொலம்பியா போனார். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிப் புத்தகம் போட்டார். நாம் சிலைக்கு மாலை போடுகிறோம், அவர் போட்ட அட்டவணைகளைப் புரட்டுவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இப்ப ஒரு கதவு இருக்கு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்கணும், பத்தாவதில் கணக்கும் இங்கிலீசும் படிச்சிருக்கணும். நாலு வாரப் பாடம், அப்புறம் தகுதித் தேர்வு. நமக்குக் கட்டணச் சலுகை உண்டு. தாட்கோவும் நம் மாணவர்களை இதில் சேர்த்துவிடும் திட்டத்தை 2023இல் அறிவித்தது. பாடம் இங்கிலீசில், வீடியோவில். செல்போனில் டவர் கிடைக்காத மலை ஊர்ப் பிள்ளை என்ன செய்யும்? கேட்க வேண்டிய கேள்வி. கேட்டுக்கொண்டே சேரணும்.

உள்ளே போனால் தனியா நிக்காதீங்க. அதே வளாகத்தில் 2014இல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கினார்கள். 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆய்வுக்கு கம்ப்யூட்டர் மட்டும் போதாது, சோத்துக்குக் கூப்பிடுற நாலு பேரும் வேணும்.

விண்ணப்பம் போடத் தெரியாதவங்க கூட்டம் முடிஞ்சதும் இருங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நகல் வச்சிருக்கிறவங்க முன்னால வாங்க. ஃபாரம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. இன்னிக்கி அதை நமக்காகச் செய்றேன்.