எங்கேஜ்ட் டோன்ல ஒளிஞ்சிருந்த பேய்: 'கோஸ்ட்வாட்ச்'

இந்த எபிசோடுல ஒரு பேய்ப்படம். தியேட்டருக்கு வந்ததில்ல, டிவிக்குன்னே எடுத்தது. பேரு 'கோஸ்ட்வாட்ச்'. 1992 அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி, பிபிசி ஒன்னுல ஒன்பதரை மணி வாக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் பிபிசி அதை மறுபடி போடவே இல்ல. ஏன்னு பார்க்கலாம். முழுக் கதையும் சொல்லப்போறேன், படம் பார்க்கணும்னா இங்கேயே பாஸ் பண்ணிட்டுப் போயிடுங்க.

கதை சிம்பிள். லண்டன்ல நார்த்தோல்ட்னு ஒரு ஏரியா. அங்க ஒரு சாதாரண வீடு. ஒரு அம்மா, ரெண்டு பொண்ணுங்க. சுவத்துக்குள்ள ஏதோ தட்டுற சத்தம். "ஒண்ணுமில்ல, தண்ணி பைப்பு"ன்னு அம்மா சமாதானம் சொல்ல, பிள்ளைங்க அந்தப் பேய்க்கே 'பைப்ஸ்'னு பேர் வெச்சிடுறாங்க. 1977-ல லண்டன் என்ஃபீல்டுல பரபரப்பா பேசப்பட்ட பேய் விவகாரம்தான் இதுக்கு விதை.

ஆனா இதைப் படம் மாதிரி எடுக்கல, லைவ் நிகழ்ச்சி மாதிரி எடுத்தாங்க. ஸ்டூடியோவுல மைக்கேல் பார்க்கின்சன். இருபது வருஷமா பேட்டி எடுத்து நாடே நம்பின முகம். பேய் வீட்டுக்குள்ள சாரா கிரீன், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துறவங்க. போன் கால்களைக் கவனிக்கிறது மைக் ஸ்மித், நிஜத்துலயே சாராவோட கணவர். எல்லாரும் சொந்தப் பேர்லயே வர்றாங்க. ஆனா ஸ்டீஃபன் வோல்க் எழுதி, லெஸ்லி மேனிங் இயக்கி, முன்கூட்டியே ஷூட் பண்ணி முடிச்ச நாடகம் அது.

இதுல ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழந்தைங்க பெட்ரூம் வீடியோவுல, திரைச்சீலை பக்கத்துல ஒரு உருவம் நிக்கிற மாதிரி தெரியும். ஒருத்தர் போன் பண்ணி "நான் பார்த்தேன்"ங்கிறார். ரீவைண்ட் பண்ணிப் போடுறாங்க. பார்க்கின்சனுக்கு ஒண்ணும் தெரியல. வீட்டுல உக்காந்திருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? தன் கண்ணையே சந்தேகப்படுவான்.

கடைசிப் பகுதி இன்னும் மோசம், அதாவது பிரமாதம். வீட்டுல எல்லாம் அமைதியா இருக்கிற மாதிரி காட்சி வருது. திடீர்னு ஸ்டூடியோவுல இருக்கிற ஆய்வாளர் கவனிக்கிறாங்க: கீழ விழுந்த படம் சுவத்துல மறுபடி மாட்டியிருக்கு! அப்போ இது லைவ் இல்ல, முன்னாடி பதிவானது. நம்ம பாஷையில சொன்னா, சர்வர் செத்துப்போச்சு, ஸ்க்ரீன்ல ஓடுறது பழைய கேஷ். இத்தனை பேர் ஒண்ணா உக்காந்து பார்த்ததே பேயைக் கூப்பிடுற சடங்கா ஆகிடுச்சுன்னு அந்த அம்மா அப்போதான் சொல்றாங்க.

சரி, வெளிய என்ன நடந்துச்சு? ஒரு கோடிப் பேருக்கு மேல பார்த்ததா சொல்றாங்க. ஸ்க்ரீன்ல ஒரு போன் நம்பர் ஓடிட்டே இருந்துச்சு. அது பிபிசி அப்போ மத்த நிகழ்ச்சிகளுக்கும் குடுத்த நிஜ நம்பர். கூப்பிட்டா முதல்ல "இது கற்பனை"ன்னு ஒரு பதிவு கேட்கும். நல்ல ஏற்பாடுதானே? ஆனா அவ்ளோ பேர் ஒரே நேரத்துல அடிச்சதுல லைன் ஜாம். நிறையப் பேருக்குக் கிடைச்சது எங்கேஜ்ட் டோன் மட்டும்தான். பயந்துபோய் கூப்பிடுறவனுக்கு பிஸி டோன்னா என்ன அர்த்தம்? நாடே கூப்பிடுது, அப்போ நிஜம்தான்.

இன்ஜினியரா எனக்கு உறுத்துற இடம் இதுதான். எச்சரிக்கையே இல்லன்னு சொல்ல முடியாது. ஆரம்பத்துல எழுத்தாளர் பேர் வருது, முடிவுல நடிகர் பட்டியல் வருது. ஆனா நடுவுல டிவியைப் போட்டவனுக்கு, பயந்து பாதியில ஆஃப் பண்ண பத்து வயசுப் பையனுக்கு, அது போய்ச் சேரல. பயம் அதிகமாக அதிகமாக, உண்மையைச் சொல்ற வழி அடைச்சுக்குது. லோடு ஏறினா முதல்ல விழுறது பாதுகாப்புன்னா, அதை டிசைன் பண்ணதுலயே கோளாறு.

விளைவு சின்னதில்ல. 1994-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, இதைப் பார்த்த ரெண்டு பத்து வயசுப் பையன்களுக்கு மன அதிர்ச்சிப் பாதிப்பு வந்ததா மருத்துவர்கள் எழுதினாங்க. ஒரு இளைஞர் சில நாள்ல உயிரை மாய்ச்சுக்கிட்டார். நிகழ்ச்சிதான் காரணம்னு குடும்பம் சொன்னது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்றது சரியில்லைன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா அவங்க வலியைத் தள்ளிவிடவும் முடியாது. 1995-ல ஒளிபரப்பு தர நெறி அமைப்பு சொன்னதோட சாரம்: ஜாடையா காட்டினா மட்டும் போதாது, இது நாடகம்னு புரிய வைக்க பிபிசி இன்னும் கூடுதலா செஞ்சிருக்கணும்.

அப்போ இந்தப் படத்தை எடுத்திருக்கவே கூடாதா? எடுத்திருக்கணும். டிவியில லைவ்னு எழுதி, தெரிஞ்ச முகம் பேசினா நாம எதையும் நம்பிடுவோம்னு இது அன்னைக்கே காட்டிடுச்சு. இப்போ அம்மா குரல்லயே ஏஐ போன் பண்ணிப் பணம் கேட்கிற காலம். அங்கேயும் ஆப்ல ஒரு மூலையில எச்சரிக்கை இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க.

நீங்க எதையாவது உருவாக்குற ஆளா இருந்தா, "நாங்கதான் போட்டிருந்தோமே"ன்னு சொல்லிட்டு நகராதீங்க. பயந்துபோன ஒருத்தன் தேடுற நேரத்துல அது அவன் கைக்குக் கிடைக்குமான்னு பாருங்க.

2002-ல டிவிடியா வந்துச்சு. லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. பைப்ஸ் எத்தனை தடவை வர்றார்னு எண்ணி எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.