ஊருக்கு ஊர் சம்பந்தம்

நாட்டுக்கு நாடு உடன்படிக்கை செய்துகொள்வது மன்னர் காலந்தொட்டு உள்ள வழக்கம். ஓர் ஊர், கடல் கடந்த மற்றோர் ஊருடன் உடன்படிக்கை செய்துகொள்வது அண்மைக் காலத்து வழக்கம். பிரெஞ்சு மொழியில் இதை ‘ஜுமெலாஜ்’ என்பார்கள். இரட்டைப் பிள்ளைகளாக இணைத்தல் என்பது அதன் பொருள். நம் செய்தித்தாள்களும் ‘இரட்டை நகர்கள்’ என்றே எழுதுகின்றன. எனக்கென்னவோ ‘சம்பந்தம்’ என்னும் நம் வீட்டுச் சொல்லே பொருத்தமாகப் படுகிறது. இரட்டையர் பிறப்பால் ஒன்றானவர். சம்பந்திகளோ விரும்பி ஒன்றானவர். சீர் வரிசையில் குறை கண்டு முகம் சுளிப்பதும் சம்பந்திகளுக்குள்தானே உண்டு!

இவ்வழக்கத்தின் வரலாற்றில் மறக்கலாகாத ஊர் ஒன்று, பிரான்சின் கிழக்கெல்லையை ஒட்டிய மோன்பெலியார். 1397 முதல் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள், அது வூர்ட்டம்பர்க் என்னும் ஜெர்மானிய அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வூரின் மேயராக விளங்கியவர் லூசியன் தாராதேன். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் பூக்கன்வால்டு வதைமுகாமில் அடைபட்டு உயிர் மீண்டவர் அவர். அத்தகைய மனிதர், வூர்ட்டம்பர்க் நாட்டைச் சேர்ந்த லுட்விக்ஸ்பர்க் நகரத்தாருடன் 1950-ஆம் ஆண்டில் கைகோத்தார். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே உண்டான முதல் ஊர்ச் சம்பந்தம் அதுதான். அவ்விரு நாடுகளின் அரசுகள் எலிசே நட்புறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டதோ 1963 ஜனவரியில். ஊரார் அரசினரைவிடப் பதின்மூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டனர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இடையே, 1962 செப்டம்பரில், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டெ கோல் அதே லுட்விக்ஸ்பர்க்குக்கு வந்து, ஜெர்மானிய இளைஞரிடம் அவர்கள் தாய்மொழியிலேயே பேசினார். இன்று அவ்விரு நாடுகளுக்கிடையே மட்டும் இத்தகைய உறவுகள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

மேயர்கள் ஒப்பமிடுவதற்கு ஒரு நாழிகை போதும். அதன் பிறகு உறவைச் சுமப்பது ஒரு நட்புறவுச் சங்கம். ஆசிரியர், கடைக்காரர், தாதி, ஓய்வுபெற்ற அலுவலர் என்று ஊதியம் கருதாத உறுப்பினர் சிலர் கூடி அதை நடத்துகின்றனர். அவர்களிடம் ஓர் அருமையான விதி உண்டு: வரும் விருந்தினரை விடுதியில் தங்கவைப்பதில்லை, வீட்டிலேதான் தங்கவைப்பார்கள். பதினான்கு வயதுப் பிரெஞ்சுச் சிறுவன், தன் வயதொத்த சிறுவன் ஒருவன் வீட்டில் ஒரு வாரமோ இரு வாரமோ தங்குவான். அவனோடு பள்ளிக்கும் போவான். பிறகு அவன் இவன் வீட்டுக்கு வருவான். பெரியவர்களுக்குச் சேர்ந்திசை, சைக்கிள் பயணம், கால்பந்து, சந்தையில் ஒரு கடை, பொது விருந்து. விருந்தில் மேயர்கள் பேசுவார்கள். அப்பேச்சு எல்லா நாட்டிலும் நீளமானதுதான். ஆனால் விருந்து முடிந்தபின், இரண்டு ஊர்ப் பெண்களும் ஆண்களும் சமையலறையில் நின்று தட்டுக் கழுவுகிறார்களே, சங்கத்தின் உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கிறது என்பேன். முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இலக்கணப் புத்தகத்தில் ஓராண்டு படியாத வினைச்சொல், பிறர் வீட்டு அடுக்களையில் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

சம்பந்தங்கள் முறிவதும் உண்டு. இங்கிலாந்தில் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு என்றோர் ஊர். பிரான்சின் வில்லியே-சூர்-மார்னுடனும் ஜெர்மனியின் பிரீட்பர்க்குடனும் அது கொண்டிருந்த பல்லாண்டு உறவை, அவ்வூர் மன்றம் 2011-இல் கடிதம் எழுதி முடித்துக்கொண்டது. உறுப்பினர் முதுமை எய்துகின்றனர். இளைஞரோ மலிவான விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு, சங்கத்தின் துணையின்றியே எங்கும் போய்விடுகின்றனர். போகிறார்கள், பார்க்கிறார்கள், ஆனால் எவர் வீட்டிலும் உண்பதில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணம், இங்கிலாந்தின் கிங்ஸ்டன் நகரோடு 2016-இல் இவ்வகை உறவு பூண்டது. எங்கள் விருத்தாசலத்துக்கு அப்படியோர் ஏற்பாடு கிடையாது. ஆயினும் பிரெஞ்சு நண்பர்களைக் காண நாங்கள் கடல் கடக்க வேண்டுவதில்லை. காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் புதுச்சேரி. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு நிறைவேறியது. ஆட்சி போனபின்னும் உறவு போகவில்லை. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாள் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். முதல் நாள் இரவு விளக்கேந்தி ஊர்வலம் போகிறார்கள். இரும்புக் குண்டை உருட்டி விளையாடும் ‘பெத்தாங்’ ஆட்டத்தில் தமிழர் காட்டும் கைநேர்த்தியைப் பிரெஞ்சுக்காரரே மெச்சுவர்.

விருத்தாசலத்தாருக்குப் புதுச்சேரியோடு இன்னுமொரு தொடர்பு உண்டு. பழமலைநாதர் கோயிலில் இருபத்தெட்டு ஆகமங்களின் பெயரால் இருபத்தெட்டு இலிங்கங்கள் உள்ளன. முருகப் பெருமான் நிறுவியவை என்பது தலவரலாறு. 1955-இல் ஜீன் ஃபிலியோசா என்னும் அறிஞர் புதுச்சேரியில் நிறுவிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், அதே ஆகமங்களின் ஓலைச்சுவடிகளைக் கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் தேடிச் சேர்த்தது. என். ஆர். பட் அவர்கள் பதிப்பித்த இரௌரவ ஆகமத்தின் முதற்பகுதி 1961-இல் வெளிவந்தது. 2005-இல் யுனெஸ்கோ அச்சைவச் சுவடிகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. எங்கள் ஊரில் கல்லாக நிற்கும் பெயர்கள், புதுச்சேரியில் ஏடாக இருக்கின்றன.

இதைக் கேள்வியுற்று ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் எங்கள் ஊருக்கு வந்திருந்தனர். கோயிலைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. அம்மையார் விரல்விட்டு எண்ணி, இருபத்தெட்டும் சரியாக இருக்கின்றன என்று தலையசைத்தார். பின்னர் என் வீட்டில் காப்பி கொடுத்தோம். ஒரு வாய் பருகியதும் அவர் முகம் மலர்ந்தது. காப்பியில் சிக்கரி கலந்திருந்தது. வடபிரான்சில் தம் பாட்டியும் இப்படித்தான் கலப்பார் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் சிக்கரிப் பொட்டலத்தை நடுவே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்!

இங்கே ஓர் இடர் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது சரியன்று. செல்வமுள்ள ஊருக்கும் வசதி குறைந்த ஊருக்கும் சம்பந்தம் ஏற்படும்போது, அவர்கள் நோட்டுப் புத்தகமும் தையல் இயந்திரமும் கொண்டுவருகிறார்கள். நாம் மனு எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். கொடுப்போர் மனம் நல்லதுதான். ஆனால் இரண்டு முறை அப்படி நடந்துவிட்டால், மூன்றாம் முறை அவர்கள் நண்பர்களாக வருவதில்லை, தருமகர்த்தாக்களாக வருகிறார்கள். நம் பிள்ளைகளும் கை நீட்டவே பழகிவிடுவார்கள். ஆதலால், பதிலுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்களிடம் பீங்கான் இருக்கிறது. பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் உள்ளன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உண்டு. பிரான்சிலே லிமோஷ் நகரின் பீங்கான் உலகறிந்தது. 1768-இல் அதற்கு அருகேயுள்ள செயின்ட் இரியே என்னும் ஊரில் வெண்களிமண் கண்டெடுக்கப்பட்ட பின்னரே அத்தொழில் அங்கே எழுந்தது. லிமோஷ் பெரிய நகரம். நமக்கு அத்துணைப் பெரிய சம்பந்தம் வேண்டாம். குயவர் வாழும் சிற்றூர் ஒன்று போதும். விமானக் கட்டணமும் விசாவும் தேடுமுன், அஞ்சலிலேயே தொடங்கலாம். அவ்வூர்ப் பள்ளி மாணவருக்கு நம் மாணவர் கார்த்திகை விளக்குகள் ஒரு பெட்டி அனுப்பி, எந்த மண், எத்தனை நாள் காய்ந்தது, சூளையில் எவ்வளவு சூடு என்று எழுதட்டும். அவர்கள் ஒரு கோப்பை அனுப்பி, மெருகுப் பூச்சின் கலவையைச் சொல்லட்டும். விளக்கு வழியில் உடையுமே என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். பெட்டிக்குள் திணிக்க உமி இருக்கிறது என்றேன். இரண்டு விளக்கு கூடுதலாகவும் வைக்கச் சொன்னேன்.