நம் பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள்?



ஐயாவின் நினைவுச் சொற்பொழிவில் பெரும்பாலும் இலக்கியம்தான் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டபோது அரங்கத் தோழர்கள் உடனே சரி என்றார்கள். ஐயா எழுதிய பக்கங்கள் குறைவு. அவர் கைபிடித்து எழுதவைத்த பிள்ளைகள் அதிகம். இந்த அரங்கிலேயே சிலர் இருக்கிறோம்.

இப்போது எந்த ஆசிரியர் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு வார்த்தை காதில் விழுகிறது: "இந்தப் பசங்களுக்கு மோட்டிவேஷன் இல்லீங்க." 'இந்த' என்பது எந்தப் பசங்களை என்று நமக்குத் தெரியும். தீர்வாக ஒரு பேச்சாளரை அழைத்து வருகிறார்கள். அவர் மைக்கில் கத்துகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், மறுநாள் எல்லாம் பழையபடி இருக்கிறது. சமூகவியல் படித்தபோது மெக்லிலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயர் வந்தது. 'சாதனை ஊக்கம்' என்பதைப் பயிற்சியால் ஊட்டலாம் என்று 1960களில் காக்கிநாடாவுக்கே வந்து வியாபாரிகளுக்கு வகுப்பு நடத்திப் பார்த்தவர். வியாபாரிக்கு முதலாவது இருக்கும். சேரிப் பிள்ளையிடம் வெறும் ஊக்கத்தை மட்டும் கேட்பது என்ன நியாயம் என்று அன்றே எங்களுக்குத் தோன்றியது. தேர்வில் அப்படி எழுதவில்லை. மதிப்பெண் போய்விடுமே.

சரி, நாங்கள் எதற்காகப் படித்தோம்?

நாங்கள் ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்ந்த ஆண்டு 1991. அம்பேத்கர் நூற்றாண்டு. விடுதிச் சுவரில் புதிதாக அவர் படம் மாட்டியிருந்தார்கள். ஆனால் அவருக்காக நாங்கள் படித்தோம் என்று சொன்னால் அது பொய். படிப்பை விட்டால் விடுதியை விட்டுப் போக வேண்டும். விடுதியை விட்டால் மூன்று வேளைச் சோறு போய்விடும். அதற்காகப் படித்தவர் எங்களில் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குப் பறையோடு அப்பாவைக் கூப்பிட்டு ஆள் வரும்போது வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, இது நம் கைக்கு வரக்கூடாது என்று படித்தவர் உண்டு. இன்று பறை மேடைக்கு வந்துவிட்டது, பெருமையாக அடிக்கிறோம். அன்றைக்கு அது கூலியும் இல்லாத வேலை. அம்மா நாற்று நட்ட வயலின் வரப்பில் நிற்கும் ஆண்டையின் மகனைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூட வாங்க வேண்டும் என்று படித்தவரும் உண்டு. அச்சம், வெட்கம், வீம்பு. எங்கள் ஊக்கத்துக்கு இருந்த பெயர்கள் இவைதாம்.

வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. உதவித்தொகைப் படிவம் வந்தால் ஆசிரியர், "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க" என்பார். எழுந்து நிற்போம். அவர் எண்ணுவார். எண்ணிக்கை தவறினால் மறுபடியும் எண்ணுவார். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரை யாரென்று தெரியாதவனுக்கும் அன்று தெரிந்துவிடும்.

இந்தக் கதையை நாங்கள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். அந்த அவமானம்தான் எங்களைப் படிக்க வைத்தது என்று முடித்துக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். இன்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று எங்கள் வகுப்பில் எழுந்து நின்றவர்கள் பதினோரு பேர். பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் நான்கு பேர். அதே அவமானம்தானே மற்ற ஏழு பேருக்கும் கிடைத்தது? அவர்களில் ஒருவன் எங்களைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். அடுத்த முறை படிவம் வந்த அன்று அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகு எப்போதுமே வரவில்லை. தப்பித்தவர்கள் கையில் மைக் இருக்கிறது. அதனால் அவமானத்துக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

இதே தவற்றை அம்பேத்கரை வைத்தும் செய்தோம். எங்கள் மாலைப் பயிற்சி மையத்தில், படிக்காத பிள்ளையைப் பார்த்தால், "பாபாசாகேப் விடிய விடியப் படித்தார், உனக்கென்ன?" என்போம். வாத்தியார் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கிப்போட்டுவிட்டு அந்த இடத்தில் அவரை வைத்துவிட்டோம். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அவர அவங்க அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க. எங்கப்பா சூளையில கெடக்காரு. என்னைய யாரு எழுப்புவா?"

பதில் இல்லை. அன்றிரவு நாங்கள் திரும்பவும் அவர் வாழ்க்கையைப் படித்தோம். சத்தாராப் பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியே உட்கார்ந்ததையும், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லாமல் கிடந்ததையும் நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் பரேலில் ஒற்றை அறையில் மகனைப் படிக்கவைத்த ராம்ஜி, அவன் கேட்ட புத்தகத்துக்காகக் கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நின்றார். அவர்கள் நகையைக் கொடுத்தார்கள், அது அடகுக்குப் போனது. கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அந்தப் பையனைக் கவனித்துப் புத்தகம் கொடுத்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு வந்ததால்தான் 1913இல் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏற முடிந்தது. அக்காமார்களின் நகையை விட்டுவிட்டு வைராக்கியத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியபோது படிப்போடு சோற்றையும் படுக்க இடத்தையும் சேர்த்துத்தான் யோசித்தார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டதும், 2022இல் காலை உணவு வந்ததும் அதே கணக்குதான். பிள்ளை தட்டைத் தேடி வந்தாலும் வருகைதானே.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதிச் சீண்டலைப் பள்ளியில் சொன்ன மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. பிறகு அவன் பிளஸ் டூ தேறியபோது எல்லோரும் அவனுடைய விடாமுயற்சியைப் பாராட்டினார்கள். நாமும்தான். வெட்டுப்பட்டும் படிக்கிற பிள்ளையைப் பாராட்டுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அந்த நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பில் எல்லோர் முன்னும் பேசக்கூடாது என்கிறது அது. கடைசிப் பரிந்துரையைப் படித்தபோது அந்தக் கணக்குப் போடுகிற பையனை நினைத்துக்கொண்டோம்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு மையத்தில் சில மாற்றங்கள் செய்தோம். பெரியவை அல்ல. மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்திருந்தோம். ஊரில் குழாயில் தண்ணீர் வருவதும் ஆறு மணிக்குத்தான். பெண்பிள்ளைகள் குடத்தோடு நிற்பார்கள், நாங்கள் ஆர்வமில்லை என்று எழுதிவைப்போம். ஏழரைக்கு மாற்றினோம். வராத பிள்ளைகள் வந்துவிட்டார்கள். 'எதிர்காலத்தில் என்ன ஆகப் போகிறாய்' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, 'இன்னைக்கு எந்தக் கணக்கு வரல' என்று கேட்கிறோம். தேர்வு மாதங்களில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி விடியற்காலை நாலே முக்காலுக்குத் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினொன்றாம் வகுப்பு. அடுத்த தெருவை அவள் பார்த்துக்கொள்கிறாள். மேலத்தெரு முனையில் விளக்கு இல்லை, நாய்த் தொல்லை வேறு, இரண்டு டார்ச் லைட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வாசலில் வைத்திருக்கும் உண்டியல் அதற்காகத்தான். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.